திருவிழாக் கடையும் பிள்ளைத்தாய்ச்சியும்

திருவிழா என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையுமே. ஆனால் ஆலய வளாகத்திலிருந்து கடற்கரை வரையிலும், தேரோடும் வீதியின் இருமருங்கிலும் வரிசையாக அமைந்திருக்கும் சிறு கடைகளைச் சற்று நின்று நோக்குவோர் சிலரே. வெளியூரிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கும் வணிகர் ஒருபுறமிருக்க, தம் கையால் முடைந்த ஓலைப்பெட்டிகளையும், தைத்த துணிப்பைகளையும், கோத்த செபமாலைகளையும் ஒரு சாக்கின்மேல் பரப்பி அமர்ந்திருக்கும் பெண்களை ஒவ்வொரு திருவிழாவிலும் காணலாம். அவர்களுள் கருவுற்ற தாய்மாரும் உண்டு. ஆறு மாதமோ ஏழு மாதமோ ஆன வயிற்றோடு, வெயிலிலும் கூட்ட நெரிசலிலும் அமர்ந்து விலை கூறும் அச்சகோதரியரைக் குறித்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தென்பகுதித் திருவிழாக்களின் வரிசையைப் பாருங்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியில் பனிமய அன்னையின் திருவிழா. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. செப்டம்பர் 14 மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருநாள். டிசம்பர் 3 கோட்டாற்றில் புனித சவேரியார் திருநாள். அதன்பின் கிறிஸ்து பிறப்பு விழா. ஆக, கைவினைப் பொருள் விற்போருக்கு ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. பிள்ளைப்பேறோ திருவிழா நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேரும்போது ஏழைக் குடும்பம் திகைக்கிறது. கடை போடாவிட்டால் பேறுகாலச் செலவுக்குப் பணமில்லை. போட்டால் தாய்க்கும் சேய்க்கும் என்ன நேருமோ என்ற அச்சம்.

கைத்தொழில் தந்த விடுதலை

பெண்ணின் கைவேலையை, "ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்கிறாள்" என்று இலேசாகப் பேசுவோர் வரலாற்றை அறியாதவர்கள். 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் புராட்டஸ்தாந்து சபை அம்மையார் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னும் கலையைக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம் அது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் தாம் பின்னிய லேசின் வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர் என்று அக்கால மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. 1897-இல் பெல்ஜிய நாட்டிலிருந்து முளகுமூட்டிற்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தரும் அவர்தம் துணைக் கன்னியரும் ஆதரவற்ற சிறுமியருக்கு அதே கலையைப் பிழைப்பாக்கிக் கொடுத்தனர். மணப்பாட்டிலும் அதைச் சூழ்ந்த தேரிக்காட்டு ஊர்களிலும் பனையோலையே பெண்களின் கைம்முதலாயிற்று. நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரத்தில் போற்றப்படும் இல்லத்தரசியும் தன் கையால் ஆடை நெய்து வணிகரிடம் விற்றவளே.

ஆகவே கைவேலை செய்வதும் அதை விற்பதும் பெண்ணுக்குப் பெருமையே. கருவுற்ற காலத்தில் அதை எவ்வாறு செய்வது, எதை நிறுத்துவது, எதைப் பிறரிடம் ஒப்படைப்பது என்பதே வினா.

இரண்டு தவறான எண்ணங்கள்

இவ்விஷயத்தில் நம் குடும்பங்களில் இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. முதலாவது, பிள்ளைத்தாய்ச்சி வாசற்படி தாண்டலாகாது என்பது. கர்ப்பம் நோயன்று. உடல்நலமுள்ள ஒரு பெண் அளவான உழைப்பும் நடையும் மேற்கொள்வது நல்லதே என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இரண்டாவது எண்ணம் இதைவிடக் கொடியது. "எங்கள் காலத்தில் நாங்கள் வயலில் நாற்று நட்டுக்கொண்டே பிள்ளை பெற்றோம், இவளுக்கு மட்டும் என்ன?" என்னும் பேச்சு அது. அப்படிப் பெற்றவர்களுள் எத்தனை தாயர் மாண்டனர், எத்தனை சிசுக்கள் மண்ணுக்குள் சென்றன என்பதைப் பழைய பங்குகளின் அடக்கப் பதிவேடுகளைப் புரட்டினால் அறியலாம்.

ஒருமுறை ஒரு சகோதரி, "சுவாமி, எனக்கு ஏழாம் மாதம். திருவிழாவுக்குக் கடை போடலாமா?" என்று கேட்டாள். "மருத்துவர் என்ன சொன்னார் அம்மா?" என்றேன். "அவரைக் கேட்கவில்லை, மாமியாரைக் கேட்டேன்" என்றாள். அருகில் நின்றோர் சிரித்தனர். சிரிப்புக்குரிய செய்தியன்று அது. முதல் கேள்வி மருத்துவரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்கப்பட வேண்டும். இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள், முன்பு குறைமாதப் பிரசவம் கண்டவர்கள், நஞ்சுக்கொடி கீழிறங்கியுள்ளது என்று சொல்லப்பட்டவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும். அவர்களுக்குத் திருவிழாக் கடை வேண்டாம் என்று மருத்துவர் கூறினால், அதற்கு மேல் வாதமில்லை.

வீட்டு வேலையில் கவனம்

ஓலைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் காய்ச்சித் தோய்த்து, மீண்டும் உலர்த்திய பிறகே முடைதல் தொடங்குகிறது. இவற்றுள் கருவுற்ற தாய் செய்யத்தக்கதும் உண்டு, தகாததும் உண்டு. கொதிக்கும் சாயப்பானையின் ஆவியை முகர்வதும், வெறுங்கையால் சாயத்தில் தோய்ப்பதும், பானையைத் தூக்கி இறக்குவதும் அவளுக்கு வேண்டாம். அவ்வேலையைக் கணவனோ வீட்டிலுள்ள வேறொருவரோ திறந்த வெளியில் செய்து கொடுக்கட்டும். முடைவதற்குத் தரையில் குந்தி மணிக்கணக்காகக் குனிந்திருத்தல் இடுப்பையும் கால்களையும் வருத்தும். சுவரில் முதுகு சாய்த்து அமர்ந்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடந்து, கால்களை நீட்டி மடக்குதல் நலம்.

ஓலைச் சாமான் அழுகும் பண்டமன்று என்பது ஒரு பெரிய வசதி. திருவிழா நெருங்கும்போது இரவெல்லாம் விழித்து முடைவதைவிட, மசக்கை தணிந்து உடல் இலேசாகியிருக்கும் நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்களில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்து சேர்த்துவைக்கலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நன்றாக உலர்த்திக் காற்றுப்படும் உயரத்தில் வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். கிறிஸ்துமஸ் விற்பனையை எதிர்பார்த்திருப்போர் இதை மறக்கலாகாது.

கடையில் அமரும்போது

கடைக்குச் சரக்குச் சுமப்பது அவள் வேலையன்று. சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் பந்தல் கட்டுவதும் வீட்டு ஆண்களின் கடமை. அவளுக்கு முதுகு சாயக்கூடிய நாற்காலி ஒன்றும், கால்களை உயர்த்தி வைக்க ஒரு சிறு பலகையோ பெட்டியோ தேவை. இடைவிடாமல் நிற்பதாலும், ஒரே நிலையில் அமர்ந்திருப்பதாலும் கால்கள் வீங்கும். நிழலும் காற்றும் கூட்ட நெரிசலின் இடிபாடு இல்லாத ஓரமும் பார்த்து இடம் பிடித்தல் வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கூறவேண்டியிருக்கிறது. பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாத திருவிழாத் திடல்களில், நம் சகோதரியர் பலர் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடுகின்றனர். கருவுற்ற காலத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். நீர் குறைந்தாலும் சிறுநீரை அடக்கினாலும் அந்த ஆபத்து கூடும். அது முற்றினால் குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். எனவே கொதிக்கவைத்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுசென்று அடிக்கடி பருகுங்கள். திருவிழாக் கடைப் பலகாரங்களை நம்பாமல் கஞ்சியோ சோறோ பயறோ கட்டிக்கொண்டு செல்லுங்கள்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையாகும். நான்காம் மாதத் தொடக்கம் முதல் நாள்தோறும் ஒன்றாகக் குறைந்தது 180 நாட்களுக்கு விழுங்கும்படி அரசு சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. கடைக்குப் போகும் அவசரத்தில் அதைக் காபியோடும் தேநீரோடும் விழுங்கினால் சத்து உடலில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதனோடு சேர்த்து உண்ணாமல் வேறு வேளையில் உண்ண வேண்டும்.

கடையில் இருக்கும்போது உதிரம் காணுதல், பன்னீர்க்குடம் உடைதல், தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், விட்டுவிட்டு வரும் இடுப்பு நோவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் வியாபாரம் முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. சரக்கு கிடக்கட்டும், 108 எண்ணுக்குச் சொல்லி மருத்துவமனை செல்க. ஒன்பதாம் மாதம் பிறந்தபின் வெளியூர்த் திருவிழாவை அறவே விட்டுவிடுதல் நலம். அப்போது சேர்த்துவைத்த சரக்கை நாத்தனாரோ தோழியோ விற்றுத் தரட்டும்.

கூலியின் கணக்கு

வாங்குவோராகிய நாம் கருதவேண்டியதும் ஒன்றுண்டு. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெட்டிக்கு ஓலை 30 ரூபாய், சாயமும் நூலும் 15 ரூபாய், பேருந்துக் கட்டணத்திலும் தரை வாடகையிலும் அதன் பங்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 70 ஆயிற்று. முடைய மூன்று மணி நேரம். அதை 130 ரூபாய்க்கு விற்றால் அவளுக்கு மிஞ்சுவது 60. மணிக்கு 20 ரூபாய் கூலி. நாம் பேரம் பேசி 100 ரூபாய்க்கு வாங்கிவிட்டால் மிஞ்சுவது 30. மணிக்கு 10 ரூபாய். நாம் குறைத்தது விலையில் கால்பங்குக்கும் குறைவு. அவள் இழந்ததோ கூலியில் சரிபாதி! பெருங்கடைகளில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக் கண்டு வாய்திறவாமல் பணம் கொடுக்கும் நாம், சாக்கில் பரப்பிய சரக்கைக் கண்டால் மட்டும் வாதாடுவது நீதியோ?

விற்பவர்களும் இக்கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பழக வேண்டும். கணக்கில்லாதவர் முதலையே தின்று ஆதாயம் என்று மகிழ்வர். கடையில் வந்த பணம் அவள் பெயரிலுள்ள அஞ்சலகக் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ பேறுகாலச் செலவுக்காகச் சேரட்டும். அதை மாலையில் மதுக்கடைக்குக் கொண்டுசெல்லும் கணவன், தன் பிள்ளையின் பாலைப் பறிப்பவன்.

உரிமைகளை அறிவோம்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு 26 வார ஊதிய விடுப்புக்கு வழிசெய்தது. ஆனால் அத்தகைய விடுப்பு, ஊதியம் தரும் நிறுவனத்தில் பணிபுரிபவருக்கே உரியது. தானே முடைந்து தானே விற்பவளுக்கு விடுப்பளிக்க யாருமில்லை. அவளுக்கென்று உள்ளவை வேறு. தமிழக அரசு 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை, 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் மீதி தவணைகளில் பணமாகவும் வழங்கப்பட ஏற்பாடாயிற்று. ஏழைத் தாய்மாருக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு உரிய இவ்வுதவியைப் பெற, முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். இப்போதைய நிபந்தனைகளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் உறுப்பினராக இருப்போருக்கும் மகப்பேற்று உதவி உண்டு. கருவுற்றபின் ஓடுவதைவிட முன்னரே உறுப்பினராகப் பதிந்துகொள்வது அறிவுடைமை. மகளிர் குழுவில் இருப்போர், மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் பண்டிகைக்கால விற்பனைக் கண்காட்சிகளுக்குக் குழுவாகச் சரக்கு அனுப்பலாம். ஒருத்தி செல்ல இயலாதபோது மற்றொருத்தி விற்றுத் தருவதே குழுவின் பயன்.

திருவிழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்

பல ஊர்களில் திருவிழாத் தரைவாடகை ஏலத்திற்கு விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் கேட்கும் தொகையைக் கொடுக்க இயலாமல், சொந்த ஊர்ப் பெண்களே வேலியோரத்திற்குத் தள்ளப்படுகின்றனர். ஆலயத்தின் நிழல் விழும் பக்கத்தில் பத்துக் கடைகளுக்கு மட்டுமேனும் இடம் ஒதுக்கி, கையால் செய்த பொருளை விற்கும் பெண்களுக்கு வாடகையின்றிக் கொடுத்தால் திருவிழாக் கணக்கில் பெரிய குறைவு வந்துவிடாது. பெண்களுக்குத் தூய்மையான கழிப்பிடம், குடிநீர், முதலுதவிக்கு ஒரு செவிலியர், அவசர ஊர்தி வந்து செல்லத் தடையற்ற வழி ஆகிய நான்கையும் வாணவேடிக்கைக்கு முன் எழுதவேண்டிய செலவாக எண்ணுங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அழகிய குடில் கட்டுகிறோம். நிறைமாதத்தில் இருந்த ஒரு தாய்க்குத் தங்க இடம் கிடைக்காத வரலாற்றை அக்குடில் நமக்கு நினைவூட்டுகிறது. நம் திருவிழாத் திடலில் அமர்ந்திருக்கும் தாய்க்கு ஒரு நாற்காலியும் ஒரு பந்தலும் இல்லையெனில், அக்குடிலை அலங்கரித்து என்ன பயன்?

குடும்பத் தலைவர்களே, இவ்வாண்டுத் திருவிழாவுக்குப் புத்தாடை எடுக்கும் முன்பே, உங்கள் வீட்டிலுள்ள பிள்ளைத்தாய்ச்சியோடு அமர்ந்து பேசுங்கள். எத்தனை பெட்டி முடைவது, யார் சுமப்பது, எத்தனை மணி வரை அவள் கடையில் இருப்பது, எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அவள் முடையும் பெட்டி சந்தைக்குப் போகட்டும். அவள் சுமக்கும் செல்வம் நிறைமாதம் கண்டு நலமாக வீடு வந்து சேரட்டும்.