டிரெய்னரில் ஏறினால் சைக்கிள் ஏன் நடுங்குகிறது?

மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது சமையல் மேடையே அதிர்ந்தால், கைப்பழக்கம் உள்ளவர்கள் அடியில் துணி மடித்து வைத்துச் சமாளிப்பதில்லை. முதலில் ஜாரை அழுத்திப் பார்ப்பார்கள். அதிர்வு அடங்கிவிட்டால், ஜார் சரியாக உட்காரவில்லை. அடங்காவிட்டால், திறந்து தேங்காய் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜாரைக் கழற்றி வெறும் மோட்டாரை ஓட்டியும் உதறினால், கோளாறு அடியில்தான். வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டும் டிரெய்னர் நடுங்கும்போதும் இப்படித்தான் தேட வேண்டும். பலர் கடைசியில் செய்ய வேண்டியதை, அதாவது பாய் வாங்கிப் போடுவதை, முதலில் செய்கிறார்கள்.

பரவலாக உள்ள டிரெய்னரில் ஓர் இரும்புச் சட்டம் பின்சக்கர அச்சின் இரு முனைகளையும் கவ்விப் பிடிக்கும். டயருக்கு அடியில் ஒரு சின்ன உலோக ரோலர் அழுந்தி நிற்கும். ரோலரோடு சேர்ந்து சுழலும் கனமான ஃப்ளைவீல், மிதிக்கும் வேகம் விட்டுவிட்டு வராமல் சமன்படுத்தும். காந்தமோ எண்ணெயோ எதிர்ப்பைக் கொடுக்கும்.

இங்கே மூன்று சுழற்சிகள் மூன்று வேகத்தில் நடக்கின்றன. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சாலை சைக்கிளின் சக்கரம் நொடிக்கு சுமார் 4 முறை சுற்றும். 3 செ.மீ. விட்டமுள்ள ரோலர் அதே நொடியில் 90 முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், இரண்டு கால்களும் சேர்ந்து நொடிக்கு 3 முறை அழுத்தும். நடுக்கம் இந்த மூன்றில் எதன் தாளத்தில் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நல்ல வேகத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று காலை நிறுத்துங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளிலும் நடுக்கம் தொடர்ந்தால் சக்கரம், டயர், ரோலர் பக்கம் தேடுங்கள். உடனே நின்றுவிட்டால் பெடல், கிராங்க், செயின் பக்கம் பாருங்கள். சீட்டில் உடம்பு குதிப்பதாகவும் இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால், மிதிக்கும் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றுங்கள். நடுக்கத்தின் வேகமும் மாறினால் குற்றவாளி சக்கரப் பக்கம்தான்.

பெரும்பாலும் அது டயராகவே இருக்கும். சாலையில் டயர் உள்ளங்கை போலப் பரந்து பதிகிறது, சைக்கிளும் தாராளமாக அசைய இடமிருக்கிறது. டிரெய்னரில் ஒரு மெல்லிய உருளை குறுகலான கோடாக டயரை அழுத்துகிறது, அச்சோ இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் சாலையில் தெரியாத சிறு மேடும் இங்கே முதுகுவரை ஏறும். மலைச் சைக்கிளின் முள் டயர் என்றால் ஒவ்வொரு முள்ளும் ரோலரைத் தட்டி உறுமும். வழவழப்பான டயருக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

வழவழ டயரும் சுற்றுக்கு ஒரு முறை 'தொப்' என்று இடித்தால், ரோலரை விலக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், விரல் ஸ்போக்கிலோ டிஸ்க்கிலோ படாமல். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வரி ஓடும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் ரிம்முக்குள் புதைந்திருந்தால், டயர் அங்கே ஏறி உட்காரவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரைக் கையால் பிசைந்துவிட்டு, டயரில் அச்சிட்டுள்ள அளவுக்குள் காற்று அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வரி சரியாக இருந்தும் இடித்தால், டயரில் தட்டையான பள்ளம் விழுந்திருக்கலாம். ஓட்டி முடித்ததும் ரோலரைத் தளர்த்தாமல் நாள் கணக்கில் விட்டால் இப்படி ஆகும். ஓட்டியதும் ரோலரைத் தளர்த்தும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

ரிம்மே இடவலமாக ஆடினால், சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்கில் மாட்டிய ரிஃப்ளெக்டரையும் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கக் கனம் இழுக்கும் விசை, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

அடுத்தது பிடிமானம். டிரெய்னரோடு வந்த எஃகு அச்சுக் கம்பியையே போடுங்கள், மெல்லியது நழுவும். ரோலரின் அழுத்தம் குறைந்தால் டயர் வழுக்கி அதிரும், கூடினால் சூடாகித் தேயும். எந்த அளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறி, கூடினாலும் குறைந்தாலும் அடங்குகிறதா? அது டிரெய்னர் சட்டத்தின் இயல்பான அதிர்வோடு சக்கரத்தின் தாளம் ஒத்துப்போவது. மரைகளை இறுக்கினாலோ காலின் ரப்பரை மாற்றினாலோ அந்த வேகம் தள்ளிப்போகும்.

பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு மாட்டும் டிரெய்னரில் டயர் தொல்லை கிடையாது. அங்கே கேசட் எனும் பின்கியர் பல்சக்கரத் தொகுப்புக்கும் செயினுக்கும் பொருத்தம் இருக்கிறதா, கியர் சரியான பல்லில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் உராய்வுச் சத்தம் வந்தால் உள்ளே பேரிங்கோ பெல்ட்டோ கெட்டிருக்கலாம். நீங்களே திறக்காமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் பாய். ரோலரின் வேகமான ரீங்காரத்தைத் தடித்த ரப்பர் பாய் நன்றாகவே தடுக்கும், கீழ்வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் நொடிக்கு 4 முறை வரும் சக்கரத்தின் துள்ளல் பாயைக் கடந்து தரைக்குள் போய்விடும். அதை டயரிலேயேதான் நிறுத்த முடியும்.