காய்ச்சல் போன பிறகும் மாதந்தோறும் திரும்பும் வலி

திருவண்ணாமலையில் பௌர்ணமி தேதி தெரியாத வீடு இல்லை. திதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது கிரிவலம் கிளம்பலாம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். அதை வைத்துச் சிறப்புப் பேருந்துகள் ஓடும், 14 கிலோமீட்டர் பாதை நெடுகக் கடைகள் முளைக்கும். அதே ஊரில் தினசரி காலண்டரின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, வேறொரு தேதியையும் பெண்கள் குறித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குத் தூரமான நாள் அது. கோயிலுக்குப் போகலாமா, விரதம் இருக்கலாமா என்று கணக்குப் பார்க்கவே பெரும்பாலும் அந்தப் புள்ளி பயன்படுகிறது. நாள்பட்ட நோயோடு வாழும் பெண்ணுக்கு அது முக்கியமான மருத்துவத் தகவலும்கூட.

தொற்றுநோய் ஒன்று வந்து போகிறது. காய்ச்சல் தணிகிறது, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. ஆனால் மூட்டு வலி, அசதி, தூக்கமின்மை, எதையும் மனதில் நிறுத்த முடியாத மந்தம் எல்லாம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடர்கின்றன. இப்படி வாழும் பெண்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே எல்லாத் தொல்லையும் இரட்டிப்பாகிறது. "அந்த நேரத்துல உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் பதில் வருகிறது. சில நேரம் மருத்துவமனையிலும் அதே பதில்தான். அது போதாது. இந்த ஏற்றத்துக்கு உடலியல் காரணங்கள் இருக்கின்றன. எப்போது வரும் என்று தேதி போட்டு எதிர்பார்க்கலாம். ஓரளவு முன்கூட்டியே அடக்கவும் செய்யலாம்.

ஒரு தாயின் குறிப்பேடு

தொற்றுக்குப் பின் நீடிக்கும் தொல்லைக்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1975-ல் அங்கும் பக்கத்து ஊர்களிலும் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் வருவது இயல்பில்லை என்று அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் இரண்டு தாய்மார்கள். அவர்களில் ஒருவரான பாலி மரே, தன் குடும்பத்தினருக்கு வந்த காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டு வீக்கம் ஆகியவற்றைத் தொடர்ந்து எழுதிவைத்திருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீயர் குழு ஆய்வில் இறங்கியது. 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் குடலுக்குள் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். பொரீலியா பர்க்டார்ஃபெரி என்று அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

அந்த ஊரின் பெயரால் அழைக்கப்படும் லைம் நோய்க்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆன்டிபயாடிக் போதும். ஆனாலும் நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அசதியும் வலியும் ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. 'நாள்பட்ட லைம்' என்று நோயாளிகள் குறிப்பிடும் நிலைகளில் இதுவும் ஒன்று. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக்கை நீட்டித்துப் பார்த்த ஆய்வுகளில் நிலையான பலன் கிடைக்கவில்லை; ரத்தநாளத்தில் செருகிய குழாய் வழியே தொற்று ஏற்படுவது போன்ற ஆபத்துகள்தான் கூடின. எஞ்சி நிற்கும் தொல்லைகளைச் சமாளிப்பதே இன்று முதன்மையான வழி. மாதவிடாயை ஒட்டி வரும் ஏற்றத்தைப் புரிந்துகொள்வது அதில் ஒரு பகுதி.

தமிழ்நாட்டில் லைம் மிக அரிது. திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றி மாதக்கணக்கில் தங்கும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களோ அந்நோய் சர்வசாதாரணமாக உள்ள நாடுகளிலிருந்து வருபவர்கள். நம் பக்கத்தில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் முற்றிலும் வேறு நோய். புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவக் கடியால் அது பரவுகிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

நமக்குத் தெரிந்த நீண்ட வலி

காய்ச்சல் போன பிறகும் விடாத மூட்டு வலியென்றால், தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது சிக்குன்குனியாதான். 2006-ல் அது நாடு முழுவதும் வீசியபோது சுமார் 13.9 லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அரசு கணக்கிட்டது. வீட்டுக்கு வீடு ஆட்கள் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. கணுக்காலும் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் பலருக்கு மாதக்கணக்கில் வலித்தன. இந்த நீண்ட வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில், தொற்று ஏற்பட்டு 18 மாதம் கழித்தும் வைரஸின் தடயங்கள் இருந்ததை 2010-ல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது.

கோவிட் இன்னொரு சான்று. நீண்டகால கோவிட்டால் அவதிப்பட்ட 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. அவர்களில் மாதவிடாய் வரும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், மாதவிடாய்க்கு முன்போ அந்த நாட்களிலோ நோய் திரும்பக் கிளம்புவதாகச் சொன்னார்கள். கிருமி வேறு, நாடு வேறு. தேதி மட்டும் ஒத்துப்போகிறது.

அந்த நாட்களில் உடலுக்குள்

கருமுட்டை வெளிவந்த பிறகு சினைப்பையில் புரோஜெஸ்டிரோன் நிறையச் சுரக்கிறது. கரு தங்கவில்லை என்றால், மாதவிடாய்க்குச் சில நாள் முன்பிருந்து புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் சரசரவென்று இறங்குகின்றன. தொல்லையின் தொடக்கம் இந்தச் சரிவுதான்.

புரோஜெஸ்டிரோன் இருக்கும்வரை கருப்பைச் சுவரில் அழற்சி அடங்கியிருக்கும். அது இறங்கியதும் வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன. புரோஸ்டாகிளாண்டின் என்னும் ரசாயனங்கள் பெருகுகின்றன. கருப்பையைச் சுருக்கி ரத்தத்தை வெளியேற்றுபவை இவையே. வலி நரம்புகளைக் கூர்மையாக்குவதும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் தலைவலியும் தருவதும் இவையே. ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் மூட்டு, வலியின் வாசல் தாழ்ந்துவிட்ட இந்த நேரத்தில் இன்னும் உரக்கக் குரல் கொடுக்கிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து மூளையில் உருவாகும் ஒரு பொருள் மனதைத் தணித்துத் தூக்கத்தைத் தரும். அதுவும் குறைவதால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது.

ஹார்மோன் சரிவு நோயைத் தூண்டும் என்பதை ஒற்றைத் தலைவலியில் அழகாக நிரூபித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சோமர்வில். மாதவிடாயை ஒட்டித் தலைவலி வரும் பெண்கள் சிலருக்கு, அந்தத் தேதிக்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். ரத்தப்போக்கு வழக்கமான நாளில் வந்தது, தலைவலி தள்ளிப்போனது. 1972-ல் வெளியான இந்தச் சிறிய ஆய்வு, குற்றவாளி ஈஸ்ட்ரோஜனின் சரிவே என்று காட்டியது. வலிப்பு, ஆஸ்துமா, முடக்குவாதம் ஆகியவையும் சில பெண்களுக்கு இதே நாட்களில் கூடுவதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அசதி கூடுவதற்கு இன்னொரு காரணம் நம் மண்ணுக்கு மிக நெருக்கமானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் முடிந்தும் அசதி போகவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், பழைய தொற்றின் மேல் பழி போடும் முன் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு எடுக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவர்கள் அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சில மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும். சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேராது.

இரண்டு வரி போதும்

சமாளிப்பதன் முதல் படி எழுதிவைப்பது. மாதவிடாய் தொடங்கிய தேதி ஒரு வரி. அன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி, என்ன மாத்திரை என்பது மறுவரி. இரண்டு மூன்று மாதத்தில் கோலம் தெளிவாகிவிடும். சிலருக்கு ஏற்றம் முந்தைய வாரத்தில், சிலருக்கு முதல் இரண்டு நாளில், சிலருக்கு மாதவிடாயோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும். பெண்களின் இப்படிப்பட்ட குறிப்புகள் ஆய்வகத்திலும் மதிப்புப் பெற்றவை. நிலவுக்கும் மாதவிடாய்க்கும் தொடர்புண்டா என்று ஆராய்ந்து 2021-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான கட்டுரைக்கு ஆதாரம், 22 பெண்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த தேதிகள்தான்.

தேதி தெரிந்தால் திட்டமிடலாம். வெந்நீர்ப் பை அடிவயிற்று வலிக்கு உண்மையாகவே உதவும். கனமான வேலைகளை ஏற்றம் இல்லாத வாரத்துக்கு நகர்த்தலாம். பௌர்ணமி அந்த நாட்களில் விழுந்தால் கிரிவலத்தைத் தள்ளிவைக்கலாம். மலையை வலம் வருவோர் எல்லா நாளும் இருக்கிறார்கள். முழு ஓய்வும் மூட்டை இறுக்கிவிடும் என்பதால் மெதுவான நடையும் கைகால் நீட்டலும் தொடர வேண்டும்.

மாத்திரையில்தான் கவனம் வேண்டும். மெடிக்கல் கடையில் மாதவிடாய் வலிக்கென்று வாங்கும் மெஃபனாமிக் அமிலமும், மூட்டு வலிக்கு எடுக்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவையும் ஒரே குடும்பம். இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. மாத்திரைக்குப் பின் காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதிதாகக் காய்ச்சல் வந்திருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்து கருவைப் பாதிக்கும். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு ரத்தப்போக்கு, கறுத்த மலம், காய்ச்சலோடு ஒரே மூட்டு மட்டும் சிவந்து வீங்குவது ஆகிய மூன்றும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டிய அறிகுறிகள்.

ஆரணியில் பட்டுத் தறியில் உட்காரும் பெண்ணும், செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலைக்குப் போகும் பெண்ணும் வேலை நேரத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ள முடியாது. பீகார் 1992-லேயே அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு தந்தது. கர்நாடகம் 2025 அக்டோபரில் தனியார் துறைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. நாள்பட்ட வலியோடு வேலைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு தேவை.

மருத்துவத் துறை செய்யக்கூடியது இன்னும் எளிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார். இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மூட்டு வலி, தீராத அசதி என்று சொல்லும் பெண்ணிடம் "கடைசியா எப்போம்மா தூரமானீங்க, வலி எந்த நாள்ல கூடுது?" என்று அங்கேயும் ஓ.பி. மேசையிலும் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதத் தொடங்கலாம். அதற்குப் புதிய கருவி வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை.