பெயரை மாற்றுங்கள், பழையதைப் பூட்டாதீர்கள்

1974-ல் திறந்தபோது அது சுல்தான் இஸ்மாயில் விமான நிலையம். இன்று ஜொகூரின் செனாய் அனைத்துலக விமான நிலையம். ஆனால் பயணப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் பழையபடி 'ஜேஎச்பி' என்றுதான் இருக்கும். மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. அதன் குறியீடும் 'எம்ஏஏ'விலிருந்து நகரவில்லை. பலகையைப் படிப்பவர் மனிதர், குறியீட்டைப் படிப்பது கணினி. மனிதருக்குப் புதுப்பெயர் சில வாரங்களில் பழகிவிடும். எழுதிவைத்த நிரலுக்குப் பழகத் தெரியாது.

லினக்ஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவோருக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். கோப்புகளில் சொல் தேட 'கிரெப்', 'ஈகிரெப்', 'எஃப்கிரெப்' என்று மூன்று கட்டளைகள். புதிதாகக் கற்பவர் எதை எப்போது எடுப்பது என்று திணறுவார். இக்கட்டளைகளைப் பராமரிக்கும் குனூ திட்டத்தினர் 2007-லேயே பின்னிரண்டும் வழக்கொழிந்தவை என்று அறிவித்தார்கள். இன்று ஈகிரெப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே சில வரிகள்தாம்: வந்த வேலையை அப்படியே கிரெப்பிடம் ஒப்படைத்துவிடும். இந்த ஏற்பாடு அருமையானது. ஆனால் 2022-ல் வந்த 3.8 பதிப்பில், ஈகிரெப்பை அழைக்கும்போதெல்லாம் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்படி செய்தார்கள். பிழைச்செய்தி ஒன்றும் வரக் கூடாது என்று எதிர்பார்த்து எழுதிய நிரல்கள் தடுமாறின. யாரும் படிக்காத நள்ளிரவில் ஓடும் நிரலுக்கு எச்சரிக்கை சொல்லி என்ன பயன்? அந்த முடிவு தவறு என்பதே என் கருத்து.

டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் குழுவினர் வேறு வழி கண்டார்கள். மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்-கெட்' கட்டளையை அப்படியே விட்டுவிட்டு, 2014-ல் மனிதர் பயன்படுத்த எளிதாக 'ஆப்ட்' என்ற புதிய கட்டளையை வெளியிட்டார்கள். நிரல்களுக்குப் பழையது, விரல்களுக்குப் புதியது.

இதைவிடச் சத்தமில்லாமல் நடந்த மாற்றம் ஒன்று செனாயில் உள்ள கணினிகளிலும் இருக்கிறது. உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் 2008-ல் 'ஏஷியா/கல்கத்தா' 'ஏஷியா/கொல்கத்தா' ஆனது. பழைய பெயர் புதியதைச் சுட்டும் இணைப்பாக நின்றுவிட்டது. 1970-க்குப் பின் கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய இரு நகரங்களின் கடிகாரமும் ஒன்றே என்பதால், 2022-ல் 'ஏஷியா/கோலாலம்பூர்' அதேபோல 'ஏஷியா/சிங்கப்பூர்' பதிவுக்கான இணைப்பாயிற்று. நம் கணினிகள் வழக்கம்போல் சரியான மணி காட்டின.

பழைய பெயர் வேலை செய்தால் மட்டும் போதாது. அதே பெயரை வேறொரு வேலைக்குக் கொடுக்கவும் கூடாது. இல்லாத கட்டளை நிரலை நிறுத்தும், அவ்வளவுதான். பொருள் மாறிய கட்டளையோ சத்தமின்றித் தரவை அழித்துவிடலாம்.

செனாய்க்குப் பக்கத்தில் கூலாயில் தரவு மையங்கள் எழும்பிவரும் காலம் இது. அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தக் கட்டளையின் பெயரை மாற்றுமுன்னும், பழைய பெயரை எந்தெந்த நிரல்கள் அழைக்கின்றன என்று முதலில் தேடிப் பாருங்கள்.