போய்ச்சேராத 11,000 கட்டளைகள்

வைத்தியர் ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து, ஒரு மாதங் கழித்து இவரை மறுபடியும் பார்க்கவேண்டும் என்று எழுதி வைக்கிறார். அந்த எழுத்து இலிகிதரிடம் போகவேண்டும். இலிகிதர் நாட் குறித்து நோயாளிக்கு அறிவிக்கவேண்டும். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளிலே இந்த அஞ்சற்காரன் வேலையைப் பெரும்பாலும் நோயாளியே செய்துவிடுகிறார். மழைக்கு நனையாமற் பொலித்தீன் உறையிலிட்டு அவர் சுமந்து செல்லும் கிளினிக் கொப்பியிலே அடுத்த தவணை எழுதப்பட்டிருக்கும். கொப்பி தொலைந்தால் அவர் பாடு திண்டாட்டந்தான். ஆயினும் தொலைந்தது என்பதாவது அவருக்குத் தெரியும். வைத்தியர் எழுதியது போய்ச்சேரவுமில்லை, போய்ச்சேரவில்லை என்பது எவருக்குந் தெரியவுமில்லை என்றால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வியன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வொஷிங்டன் மாநிலத்தில், ஸ்போக்கேன் என்னும் நகரிலுள்ள முன்னாட் படைவீரர் வைத்தியசாலையில், 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 24ஆந் திகதி பழைய கணினி ஏட்டை மூடிப் புதிய ஏட்டைத் திறந்தார்கள். அன்று தொடங்கிய கதையை விளங்கிக்கொள்வதற்கு, மூடப்பட்ட அந்தப் பழைய ஏட்டின் பிறப்பை முதலில் அறிதல் வேண்டும். அது சுவையான கதை. ஆகையாற் சற்று விரிவாகவே கூறுவோம்.

படையிற் சேவை செய்து விலகியவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதற்கென அமெரிக்க அரசாங்கம் தனித் திணைக்களம் ஒன்றை நடத்திவருகிறது. அதன் கீழ் உள்ள பெரிய வைத்தியசாலைகள் மட்டும் 160க்கு மேல். பதிவு செய்துகொண்ட முன்னாட் படைவீரர்களோ ஏறத்தாழ 90 இலட்சம் பேர். 1970ஆம் ஆண்டுகளில் இத்திணைக்களத்தின் கணினி வேலை யாவும் தலைமை அலுவலகத்தின் கைக்குள் இருந்தது. வைத்தியருக்கு எது வேண்டும் என்பதைத் தலைநகரில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். இது சரிப்படாது என்று எண்ணிய சிலர், நாட்டின் பல பாகங்களிலுமுள்ள வைத்தியசாலைகளிலே இளம் நிரலாளர்களை ஒவ்வொருவராக வேலைக்கு அமர்த்தினர். 1978 டிசம்பரில் ஒக்லஹோமா நகரில் அவர்கள் கூடித் தங்கள் வேலைக்கு ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டார்கள். வைத்தியரும் தாதியரும் மருந்தாளரும் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, அவர்கள் சிறு கணினிகளில் எழுதினார்கள். எழுதியதை மறுநாளே வார்டிற் கொண்டுபோய்ப் பரீட்சித்தார்கள்.

அவர்கள் கையாண்ட கணினி மொழிக்கு மம்ஸ் என்று பெயர். 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிற் பொஸ்டன் நகரத்து மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையிற் பிறந்த மொழி அது. அந்த வைத்தியசாலையின் பெயரையுஞ் சேர்த்துக் கோத்த நீண்ட பெயரொன்றின் முதலெழுத்துக்களே மம்ஸ். ஆங்கிலத்தில் அச்சொல் கூகைக்கட்டு நோயைக் குறிக்கும். வைத்தியசாலையிற் பிறந்த பிள்ளைக்கு நோயின் பெயரையே சூட்டிவிட்டார்கள்!

தலைமை அலுவலகம் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. சில இடங்களிற் கணினிகளைப் பறித்துக்கொண்டது; சிலரை வேலையினின்றும் நீக்கியது. எஞ்சியவர்கள் மறைவாகவே தங்கள் தொழிலைத் தொடர்ந்தனர். அடிமைகள் தப்பியோட உதவிய பழைய இரகசிய வழிக்கு அமெரிக்கர் இட்ட பெயரைக் கடன் வாங்கி, 'நிலக்கீழ் இருப்புப்பாதை' என்று தங்கள் கூட்டத்தைச் சொல்லிக்கொண்டார்கள். 1982இல் திணைக்களத்தின் தலைவரே இவர்கள் பக்கஞ் சார்ந்து உத்தரவிட, ஒளித்து வளர்த்த பிள்ளை அரசாங்கப் பிள்ளையாயிற்று. பின்னாளில் அது விஸ்டா என்னும் பெயரைப் பெற்றது.

அந்த ஏட்டின் சிறப்புக்கு ஓர் உதாரணங் காட்டலாம். 1992ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்துத் தொப்பீகா வைத்தியசாலையைச் சேர்ந்த சூ கினிக் என்ற தாதி, சியாட்டில் நகரில் வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். அங்கிருந்த பணியாள், கையிலிருந்த சிறு கருவியைக் காரின் கோட்டுக் குறியிற் காட்டினார், கணக்கு முடிந்துவிட்டது. காருக்கு இதைச் செய்யலாமாயின், மாத்திரைக்கு ஏன் செய்யக்கூடாது என்று அத்தாதி எண்ணினார். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டியிலும் மருந்துப் பொதியிலும் கோட்டுக் குறி அச்சிட்டு, இரண்டும் பொருந்தினாலன்றி மருந்து கொடுக்கலாகாது என்ற முறை தொப்பீகாவிலே தோன்றியது. சில ஆண்டுகளில் அது திணைக்களத்தின் வைத்தியசாலைகள் எங்கும் பரவியது. ஒரு தாதிக்கு வழியிலே தோன்றிய எண்ணத்துக்கு இடங்கொடுக்கும் ஏட்டைச் சாதாரணமானதென்று கூறமாட்டோம்.

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கத்ரினா சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, பிற வைத்தியசாலைகளின் காகிதப் பதிவுகள் வெள்ளத்தில் ஊறிப் போயின. ஆனாற் பல மாநிலங்களுக்குச் சிதறியோடிய முன்னாட் படைவீரர்கள், போன ஊரிலுள்ள திணைக்கள வைத்தியசாலைக்குச் சென்றபோது, அவர்கள் உண்டுவந்த மருந்துகளை அங்குள்ள வைத்தியர் திரையிலே கண்டார். அடுத்த ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கென்னடி கல்லூரி, அரசாங்கப் பணியிற் புதுமைக்கான பரிசை விஸ்டாவுக்கு வழங்கியது.

அப்படியாயின் ஏன் மாற்றினார்கள்? காரணம் இல்லாமலில்லை. ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் வசதிக்கேற்பத் திருத்தித் திருத்தி, ஒரே விஸ்டா ஏறத்தாழ 130 விஸ்டாக்களாகிவிட்டது. ஒன்றில் ஒரு பிழையைத் திருத்தினால் மற்றையவற்றில் அத்திருத்தம் பொருந்தும் என்பது நிச்சயமில்லை. கூகைக்கட்டு மொழியறிந்த நிரலாளர்களோ முதுமையடைந்து ஓய்வுபெறத் தொடங்கினர். எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. படைத்துறை தனக்கென வேறோர் ஏட்டை வைத்திருந்தது. நேற்றுவரை படைவீரன், இன்று முன்னாட் படைவீரன். உடல் ஒன்றுதான், காயம் ஒன்றுதான், ஏடு மட்டும் இரண்டு! இரண்டையும் ஒன்றாக்கப் புதிய ஏடு செய்வோம் என்று 2011இல் இரு பகுதியாருந் தொடங்கிய முயற்சி 2013இற் கைவிடப்பட்டது.

2015இற் படைத்துறை, சேர்னர் என்னும் கம்பனி செய்த ஏட்டைத் தெரிந்தெடுத்தது. 2017 ஜூன் மாதத்தில், முன்னாட் படைவீரர் திணைக்களத்தின் அமைச்சராயிருந்த டேவிட் ஷல்கின் என்ற வைத்தியர், தாமும் அதனையே வாங்குவதாக அறிவித்தார். கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை. 2018 மே மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது: பத்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி டொலர். ஏனைய செலவுகளுஞ் சேர்ந்து 1,600 கோடி என்று அப்பொழுது மதிப்பிட்டார்கள். 2022இற் சுயேச்சையான நிறுவனமொன்று 28 ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 5,000 கோடி டொலர் என்றது. வீடு கட்டத் தொடங்கியவர்கள் இந்தக் கணக்கின் தன்மையை அறிவார்கள்.

இனி ஸ்போக்கேனுக்கு வருவோம். அங்கே புதிய ஏட்டில் வைத்தியர் எழுதும் ஒவ்வொரு கட்டளையும் உரிய பகுதிக்குத் தானே போய்ச்சேரவேண்டும்: இரத்தப் பரிசோதனை ஆய்வுகூடத்துக்கு, படமெடுப்பது எக்ஸ்ரே பகுதிக்கு, அடுத்த தவணை இலிகிதருக்கு. போகவேண்டிய இடத்தை ஏடு இனங்காணாவிட்டால், அக்கட்டளையை அது வேறொரு பெட்டியிலிட்டது. 'அறியாத வரிசை' என்பது அப்பெட்டியின் பெயர். நம் தபாற் கந்தோரிலும் விலாசம் விளங்காத கடிதங்கள் உண்டு. ஆனால் அனுப்பியவருடைய விலாசம் இருந்தால் அவருக்கே திரும்பிவரும். இங்கே கட்டளை போகவில்லை என்று வைத்தியருக்கு அறிவித்தல் வரவில்லை. அவருடைய திரையில் அது அனுப்பப்பட்ட கட்டளையாகவே காட்சியளித்தது. அப்படியொரு பெட்டி உண்டென்று வைத்தியசாலையில் வேலைசெய்தவர்களுக்குக் கம்பனி சொல்லவுமில்லை. 2021 ஜூன் மாதம் வரையில் அதற்குட் கிடந்த கட்டளைகள் 11,000க்கு மேல்.

திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகர் 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், இதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்த சந்தர்ப்பங்கள் 149 என்று காட்டப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்றை இங்கே குறிப்பிடாதிருக்க முடியவில்லை. வீடற்ற முன்னாட் படைவீரர் ஒருவர். தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளக்கூடும் என முன்னரே அஞ்சப்பட்டவர். மனநோய் வைத்தியர் அவரைப் பார்த்து மருந்து கொடுத்து, மறுபடியும் பார்ப்பதற்குத் தவணை குறிக்குமாறு கட்டளை எழுதினார். கட்டளை பெட்டிக்குட் போயிற்று. தவணை வரவில்லை, ஒருவருங் கூப்பிடவில்லை. சில வாரங்களின் பின்னர் அம்மனிதர், இத்தகையோருக்கென வைத்திருக்கும் தொலைபேசியை அழைத்துத் தாம் சாகப்போவதாகக் கூறினார். உதவியாளர் விரைந்து சென்றதால் உயிர் தப்பி வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். தம்மைக் கூப்பிடாதவர்கள் மறந்துவிட்டார்கள் என்றே அவர் எண்ணியிருப்பார். எவரும் மறக்கவில்லை என்பதுதான் இதில் நம்மை உறுத்துவது.

ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் முடிவு அவ்வாறு அமையவில்லை. அங்கே ஒருவர் 2022இல் மனநல வைத்தியத் தவணைக்கு வரவில்லை. வராதவரை மறுபடி மறுபடி அழைத்துப் பார்க்கவேண்டுமென்பது திணைக்களத்தின் விதி. ஏட்டிலிருந்த பிழையால் அவர் பெயர் அழைப்பவர்களின் வரிசைக்கு வரவேயில்லை. சுமார் ஏழு வாரங்களின் பின்னர் அளவு மீறிய போதைப்பொருளால் அவர் இறந்தார். 2024 மார்ச் மாதத்து அறிக்கை இதனைக் கூறுகிறது.

பாதி வைத்தியசாலைகளிற் பழையதும் பாதியிற் புதியதுமாக இரண்டு ஏடுகள் ஓடுவது தனி ஆபத்து. இங்கோ பாதிகூட அன்று. 2022 ஜூனுக்குள் மாறியவை ஐந்தே வைத்தியசாலைகள். ஆயினும் அவற்றில் வைத்தியம் பெற்றவர் பழைய ஏடுள்ள ஊருக்குச் சென்றால், அவருடைய மருந்துகளும் ஒவ்வாமை விபரமும் பிழையாகத் தோன்றக்கூடிய நிலை இருந்தது. ஏறத்தாழ 2,50,000 பேர் இவ்வாபத்துக்கு உட்பட்டிருந்ததாகத் தலைமைப் பரிசோதகர் அலுவலகம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. கத்ரினாவுக்குத் தப்பிய மருந்துப் பட்டியலை நினைத்துக்கொள்கிறோம்.

புதிய ஏட்டைச் செய்தவர்கள் மூடர்களல்லர். வேறு பல வைத்தியசாலைகளில் அது ஓடிக்கொண்டிருந்த ஏடுதான். ஆனால் படைத்துறையின் நோயாளிகளுட் பெரும்பாலோர் இளைஞர். முன்னாட் படைவீரரோ நீரிழிவு, இருதயநோய், பழங்காயம், மனத்துயர் யாவற்றையும் ஒருங்கே சுமந்து வரும் முதியவர்கள். ஒருவனுக்குத் தைத்த சட்டை தகப்பனுக்குப் பொருந்தாது. அதிலும் பழைய சட்டையைத் தைத்தவர்கள் அளவெடுத்தது அந்த வார்டுகளிலேயே. 2022இற் புதிய ஏட்டைக் கையாண்டவர்களைக் கேட்டபோது, அதனால் நல்ல வைத்தியஞ் செய்ய முடிகிறது என்று ஒப்புக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் மாத்திரமே. காங்கிரஸ் சபையின் கணக்காய்வு அலுவலகம் எடுத்துக்காட்டிய தொகை இது.

2022 ஜூனில் ஒராக்கிள் கம்பனி சேர்னரை 2,800 கோடி டொலருக்கு விலைக்கு வாங்கியது. 2023 ஏப்ரலில், மேற்கொண்டு எந்த வைத்தியசாலையிலும் புதிய ஏட்டைத் திறப்பதில்லை என்று திணைக்களம் நிறுத்திவைத்தது. அடுத்த மாதத்தில் ஒப்பந்தம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியதாகத் திருத்தப்பட்டது. கம்பனி தவறினாற் செலுத்தவேண்டிய ஈடும் அதில் அதிகரிக்கப்பட்டது. இடையில் 2024 மார்ச்சில், படைத்துறையுஞ் சேர்ந்து நடத்தும் வட சிக்காகோ வைத்தியசாலையில் மட்டும் ஏடு மாற்றப்பட்டது. அது ஆறாவது. 2026ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மிஷிகன் மாநிலத்து ஆன் ஆபர், பற்றில் கிறீக், டிற்றோயிற், சாகினோ ஆகிய நான்கு இடங்களில் மறுபடியும் தொடங்குவதென்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

அந்த அறிவித்தல் வெளிவந்த நாளில், ஆறு வைத்தியசாலைகள் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் தாதியர் கோட்டுக் குறிக் கருவியைக் கையிலேந்தி, பழைய விஸ்டாவைப் பார்த்தே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தனர்.