மூட்டு மூட்டாக வலிக்கிறதா?

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது விரல்கள் மடங்க மறுக்கும். பொட்டலத்துக்குச் சணல் முடிச்சுப் போட வராது. பத்து மணிக்கு வியாபாரம் சூடு பிடித்ததும் கை இளகிவிடும், வலியும் மறந்துவிடும். இரவு கடையடைத்துவிட்டு டாக்டரிடம் போய், "மூட்டை தூக்கினேன், அதனால் வலி" என்று காரணத்தையும் நாமே சொல்லிவிடுவோம். அவர் பார்க்கும் நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கும். ஐந்து நாள் மாத்திரையோடு திரும்பி வருவோம். முடக்குவாதம் பல மாதம் பிடிபடாமல் போக இது ஒன்றே போதும்.

உழைப்பினாலும் வயதினாலும் வரும் தேய்மானம் வேறு. நடந்தால், நின்றால், படியேறினால் அது கூடும், உட்கார்ந்தால் குறையும். காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் இதற்கு நேர் எதிர். ஓய்வில் கூடும், அசைய அசையக் குறையும். இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள், மணிக்கட்டு என்று ஜோடியாகப் பிடிக்கும். தொட்டால் மெத்தென்று வீங்கியிருக்கும். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். உடலின் பாதுகாப்புப் படையே தவறுதலாக மூட்டின் உள்ஜவ்வைத் தாக்குவதால் வரும் நோய் இது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பை அரிக்கத் தொடங்கிவிடலாம். அரித்தது திரும்ப வளராது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. கல்லாவில் நமக்குத் துணையாக உட்காரும் வீட்டம்மா "கை விறைக்கிறது" என்றால் அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

காய்ச்சலுக்குப் பின் வரும் வலி இன்னொரு வகை. 2006-ல் சிக்குன்குனியா நம் மாநிலத்தைப் படுத்திய பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். காய்ச்சல் சில நாளில் போயிற்று. மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில் நின்றது. யூரிக் அமில வாதம் பெரும்பாலும் நள்ளிரவில் கால் பெருவிரலில் திடீரென்று தொடங்கும். கவனிக்காமல் விட்டால் பல மூட்டுகளுக்குப் பரவும். தோலில் செதில் உதிரும் சோரியாசிஸ், தைராய்டு கோளாறு, மஞ்சள் காமாலைக் கிருமி, காசநோய்க்குத் தரும் மாத்திரைகளில் ஒன்று – இவையும் மூட்டுகளை நோகச் செய்யும். ஆகவே சம்பந்தமில்லாதது போலத் தோன்றுவதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

லேப் சீட்டை மட்டும் நம்புவது, சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் லேபிளைப் பார்த்துக் கொள்முதல் செய்வது போலத்தான். 'ஆர்.ஏ. ஃபேக்டர்' பரிசோதனையில் முடக்குவாதக்காரர்கள் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு நோய் காட்டாது. நோயே இல்லாத சில முதியவர்களுக்குக் காட்டும். 'ஆன்டி சி.சி.பி.' பரிசோதனை அதைவிட உறுதியானது. வாதம் தாக்கிய நாளிலேயே யூரிக் அமில அளவு சரியாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். ஈ.எஸ்.ஆர். கூடியிருந்தால் உடம்பில் ஏதோ அழற்சி இருக்கிறது என்று தெரியும், என்ன நோய் என்று தெரியாது. கேட்டும் தொட்டும் பார்ப்பதில்தான் பாதி நோய் பிடிபடும். எனவே ஒரு வாரம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்தெந்த மூட்டு, விறைப்பு எத்தனை மணிக்கு விட்டது, வீக்கம் உண்டா, என்ன மாத்திரை போட்டீர்கள். முடிந்தால் காலை நேரத்திலேயே போய்க் காட்டுங்கள். வீக்கமும் விறைப்பும் ஆறு வாரத்தைத் தாண்டினால் மூட்டு வாத நிபுணரிடம் போவதே சரி. ஒரே மூட்டு சிவந்து, கொதித்து, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சீட்டில்லாமல் வாங்கித் தின்னும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் சிறுநீரகத்துக்குக் கெடுதல். பெயர் தெரியாத வாதப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் நெடுநாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

முடக்குவாதம்தான் என்று உறுதியானால் பெரும்பாலும் முதலில் எழுதும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரைக் கேட்டு, கடைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.