ஐம்பது வயதில் கடல் கடந்த கலைஞர்: பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஜோரா சேகல்

புது தில்லி: இந்தித் திரைப்படங்களைப் பார்க்கும் தமிழ் ரசிகர்களுக்கு ஜோரா சேகல் என்றதும் குறும்புச் சிரிப்புடன் தோன்றும் ஒரு பாட்டிதான் நினைவுக்கு வருவார். 2007-இல் வெளியான 'சீனி கம்' படத்தில் அமிதாப் பச்சனின் தாயாக நடித்தவர் அவர். மணிரத்னம் இயக்கிய 'தில் சே' (தமிழில் 'உயிரே', 1998) படத்தில் குடும்பத்து மூதாட்டியாக வந்தவரும் அவரே. 2014 ஜூலை 10-ஆம் தேதி, தமது 102-ஆவது வயதில் தில்லியில் அவர் காலமானபோது வெளிவந்த இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவை இந்தப் பாட்டியைப் பற்றியே பேசின.

அந்தப் பாட்டி வேடங்களுக்கு முன்னர், இங்கிலாந்தில் அவர் கழித்த கால் நூற்றாண்டு ஒன்று உண்டு. தாய்நாட்டில் நடனத்திலும் நாடகத்திலும் பெயர் பெற்றுவிட்ட ஒருவர், அந்நிய நாட்டில், அறிமுகமற்ற துணை நடிகையாக மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்கிய காலம் அது.

ஜெர்மனியில் கற்ற நடனம்

உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் 1912 ஏப்ரல் 27-ஆம் தேதி ரோகில்லா பட்டாணியக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோரா. லாகூரில் குயின் மேரி கல்லூரியில் படித்தார். 1930-களின் தொடக்கத்தில் தாய்மாமனுடன் காரிலேயே ஈரான் வழியாக மேற்காசியாவைக் கடந்து எகிப்து வரை சென்று, அங்கிருந்து கப்பலில் ஐரோப்பாவை அடைந்தார். பர்தா முறை வேரூன்றிய குடும்பத்தைச் சேர்ந்த பெண் அந்தக் காலத்தில் இப்படியொரு பயணம் மேற்கொண்டதே வியப்புக்குரியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நவீன நடனக் கலைஞர் மேரி விக்மனின் பள்ளியில் மூன்று ஆண்டுகள் பயின்றார்.

1935-இல் உதயசங்கரின் நடனக் குழுவில் சேர்ந்து ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா என உலகைச் சுற்றினார். பின்னர் அல்மோராவில் உதயசங்கர் நிறுவிய கலை மையத்தில் ஆசிரியரானார். தம்மைவிட எட்டு வயது இளையவரான காமேஷ்வர் சேகலை அங்குதான் சந்தித்தார். மத வேறுபாட்டையும் வயது வேறுபாட்டையும் மீறி 1942 ஆகஸ்ட் 14-ஆம் தேதி இருவரும் மணந்துகொண்டனர். மணவிழாவுக்கு வருவதாக இருந்த ஜவாஹர்லால் நேரு, 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தைத் தொடர்ந்து ஆகஸ்ட் 9-ஆம் தேதியே கைது செய்யப்பட்டுவிட்டார்.

அதன் பின்னர் மும்பை. 1945 முதல் 14 ஆண்டுகள் பிருதிவிராஜ் கபூரின் பிருதிவி தியேட்டர்ஸ் குழுவில் மாதம் 400 ரூபாய் சம்பளத்தில் நடிகையாகவும் நடன இயக்குநராகவும் இருந்தார். அவருடைய தங்கை உஸ்ராவே அந்தக் குழுவின் முதன்மைக் கதாநாயகி. ஊர் ஊராக ரயிலில் சென்று நாடகம் போட்ட குழு அது. காட்சி முடிந்ததும் பிருதிவிராஜ் வாசலில் துண்டேந்தி நின்று பொதுக் காரியங்களுக்கு நன்கொடை கேட்பார். நடிப்பில் தமது குரு என ஜோரா போற்றியது பிருதிவிராஜைத்தான்.

1959-இல் காமேஷ்வர் மறைந்தார். இரு குழந்தைகளுடன் தனித்து நின்ற ஜோரா தில்லிக்கு வந்து, ஒரு நாட்டிய அகாதெமியின் இயக்குநராகச் சிறிது காலம் பணியாற்றினார். 1962-இல் நாடகப் பயிற்சிக்கான உதவித்தொகை கிடைத்தபோது, லண்டனுக்குப் புறப்பட்டார்.

லண்டனில் மறுதொடக்கம்

அப்போது அவருக்கு வயது 50. அவர் லண்டனில் இருக்கும்போதுதான், 1963-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது இங்கே அவருக்கு அறிவிக்கப்பட்டது. அங்கோ அவரை யாருக்கும் தெரியாது. ஓல்டு விக் அரங்கில் பிற நடிகர்களுக்கு ஆடை அணிவித்து உதவும் பணியைக்கூட அவர் செய்தார். பரதநாட்டியக் கலைஞர் ராம் கோபால் செல்சி பகுதியில் நடத்திய பள்ளியில் 1963 முதல் உதயசங்கர் பாணி நடனத்தைக் கற்பித்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, பரதத்தை மேலைநாடுகளுக்குக் கொண்டு சென்ற ராம் கோபாலைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பர். அந்தப் பள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை.

பிபிசி தொலைக்காட்சியில் 1964-இல் சிறு வேடங்கள் கிடைக்கத் தொடங்கின. கிப்ளிங்கின் கதை ஒன்றின் நாடக வடிவில் நடித்தார். புகழ்பெற்ற 'டாக்டர் ஹூ' தொடரின் 'மார்க்கோ போலோ' கதையில், குப்ளாய் கானின் அரசவைக் காட்சியில் பணிப்பெண்ணாகத் தோன்றினார். அதை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். மறு ஆண்டில் அதே தொடரின் சிலுவைப் போர்க் கதையிலும் ஜோராவுக்கு ஒரு சிறு வேடம். அந்நாளில் பிபிசி நிறுவனம் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தி வந்ததால், 'மார்க்கோ போலோ'வின் ஏழு பகுதிகளில் ஒன்றுகூடப் படமாக எஞ்சவில்லை; ஒலிப்பதிவு மட்டுமே மிஞ்சியது.

வேடங்கள் சிறியனவாக இருந்ததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. ஆசிய நடிகர்களுக்கென்று எழுதப்பட்ட பாத்திரங்களே அங்கு அரிது. அந்தச் சிலவற்றிலும் முக்கியமானவை முகத்தில் கருமை பூசிய வெள்ளையருக்கே சென்றன. மேற்சொன்ன சிலுவைப் போர்க் கதையில் சுல்தான் சலாவுதீனாக நடித்தவர் ஓர் ஆங்கிலேயர். 1974-இல் தொடங்கி 1981 வரை ஓடிய 'இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்' நகைச்சுவைத் தொடரில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளராக வந்தவர் மைக்கேல் பேட்ஸ். டேவிட் லீன் 1984-இல் எடுத்த 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில்கூட, பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராக அலெக் கின்னஸ்தான் நடித்தார். காட்போலே வேடத்துக்கு ஓர் இந்தியர் கிடைக்கவில்லை என்றால் யாராலும் நம்ப முடியாது.

இந்தச் சூழலை எதிர்கொண்டவர் ஜோரா மட்டுமல்லர். தில்லியிலிருந்து சென்று லண்டனின் ராயல் நாடகக் கலை அகாதெமியில் பயின்ற மதுர் ஜாஃப்ரி, 'ஷேக்ஸ்பியர் வாலா' படத்துக்காக 1965-இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றவர். அதன் பிறகும் போதிய வேடங்கள் வரவில்லை. அவர் சமையல் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். பிரிட்டிஷ் மக்கள் அவரை வீட்டுக்கு வீடு அறிந்துகொண்டது, 1982-இல் பிபிசியில் வந்த சமையல் நிகழ்ச்சியால்தான்.

1974-இல் தேசிய நாட்டுப்புற நடனக் குழு ஒன்றை அமைப்பதற்காக ஜோரா தில்லிக்கு அழைக்கப்பட்டார். சில ஆண்டுகளில் மீண்டும் இங்கிலாந்து திரும்பினார். பிபிசியின் 'படோசி' தொடரின் 26 பகுதிகளில் அவர் பங்கேற்றது அந்த எழுபதுகளின் பிற்பகுதியில்தான். குடியேறிய ஆசியப் பெண்களை ஆங்கிலம் கற்கத் தூண்டுவதற்காக உருவாக்கப்பட்ட தொடர் அது. விமர்சகர்கள் பெரிதாகக் கவனிக்காத பணி என்றாலும், வீட்டு வாசலைத் தாண்டாத பல ஆசியப் பெண்களுக்குத் தம்மைப் போன்ற முகம் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டியில் தெரிந்ததே பெரிய செய்தியாக இருந்திருக்கும்.

லேடி சாட்டர்ஜி

திருப்பம் எழுபது வயதில் வந்தது. மெர்ச்சண்ட் - ஐவரி நிறுவனம் மும்பையின் நாட்டியப் பெண்களைப் பற்றி எடுத்த 'தி கோர்ட்டிசன்ஸ் ஆஃப் பாம்பே' படத்தில் நடித்தார். அடுத்து வந்தது, கிரனாடா தொலைக்காட்சி தயாரித்து 1984-இல் 14 பகுதிகளாக ஒளிபரப்பிய 'தி ஜுவல் இன் தி கிரவுன்'. பால் ஸ்காட்டின் நான்கு நாவல்களைத் தழுவிய இந்தத் தொடர் பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஐந்து ஆண்டுகளைச் சொல்கிறது. உதய்பூர், மைசூர், சிம்லா ஆகிய இடங்களில் பெரும் பகுதி படமாக்கப்பட்டது. 1985-இல் அமெரிக்காவின் எம்மி விருதையும் இத்தொடர் வென்றது.

இதில் லேடி லிலி சாட்டர்ஜியாக ஜோரா நடித்தார். 'சர்' பட்டம் பெற்ற இந்தியரின் விதவை. இளம் ஆங்கிலப் பெண் டாப்னி மேனர்ஸைத் தம் வீட்டில் தங்கவைத்துப் பரிவுடன் நடத்துபவர். ஆங்கிலேய அதிகாரிகளின் ஏளனத்தைக் கண்ணியத்தோடு எதிர்கொள்பவர். கதை தொடங்குவது 1942 ஆகஸ்ட் மாதக் கொந்தளிப்பில். நேருவின் கைதால் தம் மணவிழாவுக்கு முக்கிய விருந்தினர் வராமல்போன அதே நாட்களை, 40 ஆண்டுகள் கழித்துக் கேமரா முன் நடித்துக்காட்ட வேண்டியிருந்தது. பணிப்பெண், ஆயா வேடங்களுக்குப் பிறகு, ஆங்கிலேயரிடம் நிமிர்ந்து நின்று பேசும் இந்தியப் பெண்ணாக அவர் தோன்றிய பாத்திரம் இதுவே.

வாய்ப்புகள் பெருகியதற்கு அவருடைய புகழ் மட்டுமே காரணமல்ல. சிறுபான்மையினரின் ரசனைகளையும் கவனிக்க வேண்டும் என்ற கடமையுடன் 1982-இல் சேனல் 4 தொடங்கப்பட்டிருந்தது. ஃபரூக் தோண்டி எழுத, சயீத் ஜாஃப்ரி நடித்த 'தந்தூரி நைட்ஸ்' என்ற உணவகத் தொடர் அதில் 1985 முதல் வந்தது. ஜோராவும் அதில் இடம்பெற்றார். ஆசியர் எழுதினால் ஆசியருக்கு வேடம் வரும் என்பது தெளிவாயிற்று. கனடாவில் ஸ்ரீனிவாஸ் கிருஷ்ணா எடுத்த 'மசாலா' (1991) படத்தில், தொலைக்காட்சியில் தோன்றும் கிருஷ்ண பகவானுடன் பேசும் பாட்டியாகக் கலக்கினார். குரிந்தர் சத்தா இயக்கிய 'பாஜி ஆன் தி பீச்' (1993), மீரா சியாலின் நாவலைத் தழுவிய 'அனிதா அண்ட் மீ' (2002) ஆகியவற்றிலும் நடித்தார். கடைசிப் படம் வெளியானபோது அவருக்கு வயது 90.

லாகூரில் இரு சகோதரிகள்

இதற்கிடையே தில்லிக்கே திரும்பிவிட்ட அவர், மேடையை விடவில்லை. தங்கை உஸ்ரா 1964-இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்திருந்தார். பிருதிவி தியேட்டர்ஸில் ஒன்றாக நடித்த சகோதரிகள் இருவரும் 1993-இல், லாகூரின் அஜோகா நாடகக் குழு மேடையேற்றிய 'ஏக் தீ நானி' என்ற நாடகத்தில் மீண்டும் சேர்ந்து நடித்தனர். எல்லையின் இரு புறமும் பிரிந்துபோன இரு சகோதரிகளைப் பற்றி, அவர்களுக்காகவே ஷாஹித் நதீம் எழுதிய நாடகம் அது. மதீஹா கௌஹர் இயக்கினார். நடிப்பு எங்கே முடிந்தது, வாழ்க்கை எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது பார்த்தவர்களுக்கு எளிதாக இருந்திராது. உஸ்ரா 2010-இல் காலமானார்.

ஜோராவுக்கு 1998-இல் பத்மஸ்ரீ, 2002-இல் பத்மபூஷண், 2010-இல் பத்மவிபூஷண் விருதுகள் வழங்கப்பட்டன. ஒடிசி நடனக் கலைஞரான மகள் கிரண் சேகலுடன் தில்லியில் வாழ்ந்துவந்த அவர், முதுமையில் படியேற முடியாமல், தரைத்தளத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்று கேட்டிருந்தார். அது கிடைக்கவே இல்லை என்று, லோதி சாலை மயானத்தில் தாயின் இறுதிச் சடங்கு நடந்த நாட்களில் கிரண் செய்தியாளர்களிடம் வருத்தத்துடன் தெரிவித்தார்.