கருத்தரிக்கும் நாட்கள்: இல்லறத்தில் எழுதப்படாத கணக்கு

கணக்கு இன்றிக் கூட்டுறவு இல்லை என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. நெசவாளர் பெற்ற நூலுக்கும் கொடுத்த துணிக்கும் கணக்கு உண்டு. விவசாயி வாங்கிய கடனுக்கும் செலுத்திய தவணைக்கும் கணக்கு உண்டு. மணிலா விதைத்த நாளை எண்ணியன்றோ அறுவடைக்கு ஆள் சொல்லுகிறோம்! ஆயின், குடும்பத்தின் நலத்தையும் தாயின் உயிரையும் தொட்டு நிற்கும் ஒரு கணக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் எழுதப்படுவதே இல்லை. மாதவிடாய்ச் சுழற்சியில் பெண் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் எவை என்னும் கணக்கே அது.

சங்கப் பணியின் நிமித்தம் செஞ்சி வட்டாரத்தில் ஊர் ஊராகச் செல்லும் நாம் இருவகைத் துன்பங்களைக் காண்கிறோம். மணமாகிச் சில ஆண்டுகள் சென்றும் மகவு இல்லாமையால் ஊராரின் சொல்லுக்கு ஆளாகும் பெண் ஒருபுறம். கைக்குழந்தை நடை பழகுமுன் மீண்டும் சூல்கொண்டு, தார் சுற்றவும் களை எடுக்கவும் வலுவின்றி நலியும் தாய் மறுபுறம். இவ்விருவருக்கும் பயன்படும் அறிவு ஒன்றே.

பழைய எண்ணமும் புதிய ஆராய்ச்சியும்

மாதவிடாய் கண்ட நாள்தொட்டு 16 இரவுகளை ருதுகாலம் என்று பண்டைத் தர்ம சாஸ்திரங்கள் வகுத்தன. நாட்களை எண்ண வேண்டும் என்ற அந்த எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால், இரட்டைப்படை இரவில் கூடினால் ஆணும் ஒற்றைப்படை இரவில் கூடினால் பெண்ணும் பிறக்கும் என்று அவை கூறியதற்கு ஆதாரம் இல்லை. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவே நிர்ணயிக்கிறது. பெண் மகவு பெற்றதற்காக மனைவியைப் பழிப்பது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

ஜப்பானில் ஓகினோ என்னும் மருத்துவர் 1924-லும், ஆஸ்திரியாவில் க்னாஸ் என்பவர் 1928-லும் தனித்தனியே ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். கருமுட்டை வெளிப்படும் நாளை முந்திய மாதவிடாயிலிருந்து எண்ணுவது சரியன்று. அது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்களுக்கு முன் நிகழ்கிறது என்பதே அவ்வுண்மை. எனவே 28 நாள் சுழற்சி உடையவளுக்கு 14ஆம் நாளை ஒட்டியும், 32 நாள் சுழற்சி உடையவளுக்கு 18ஆம் நாளை ஒட்டியும் முட்டை வெளிப்படும். முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரமே. விந்தணுவோ பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடிருக்கும். ஆகவே ஒரு சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் சுமார் 6 மட்டுமே. அந்த 6 நாட்கள் எப்போது வரும் என்று திட்டமாகக் கூற இயலாமையே இதிலுள்ள சிக்கல்.

மணிகளால் எண்ணிய கதை

நமது நாட்டில் இக்கணக்கை மக்களுக்குக் கற்பிக்க ஒரு முயற்சி நடந்தது. சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் காலத்தில், 1951-ல், உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் டாக்டர் ஆப்ரகாம் ஸ்டோன் இந்தியா வந்தார். டில்லியில் லோடி காலனியிலும், மைசூர் ராஜ்யத்தில் ராமநகரத்திலும் சோதனை நிலையங்கள் ஏற்பட்டன. பட்டுக்கூட்டுச் சந்தையால் நெசவாளர் அறிந்த ஊரே ராமநகரம்.

எழுத்தறியாப் பெண்களுக்கு நிறம் நிறமான மணிகள் கோத்த மாலைகள் கொடுக்கப்பட்டன. நாளுக்கு ஒரு மணியாக நகர்த்தி வரவேண்டும். இருளில் நிறம் தெரியவில்லை என்றதும் மணிகளின் வடிவம் மாற்றப்பட்டது. மணியை நகர்த்த மறந்தவர் உண்டு. மாலை இருந்தாலே போதும் என்று எண்ணியவரும் உண்டு. முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கணக்கு எழுதுவது மட்டும் போதாது, கணக்கின்படி நடக்கவும் வேண்டும் என்பதே அதில் நாம் பெறும் பாடம்.

எனினும் அவ்வெண்ணம் மறையவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் பின்னர் 32 மணிகள் கொண்ட மாலை ஒன்றை அமைத்தனர். இந்தியாவில் அது மாலா சக்ரா எனப்பட்டது. மாதவிடாயின் முதல் நாளுக்குச் சிவப்பு மணி. 8 முதல் 19 வரையான நாட்களுக்கு வெள்ளை மணி. அவ்வெள்ளை நாட்களே கருத்தரிக்கக்கூடியவை. சுழற்சி 26 நாட்களுக்குக் குறையாமலும் 32 நாட்களுக்கு மிகாமலும் உள்ளவர்க்கே இது பொருந்தும். தவறாமல் கடைப்பிடித்த 100 பெண்களில் ஓர் ஆண்டில் சுமார் 5 பேரே கருவுற்றனர். சில வேளை தவறியோரையும் சேர்த்தால் சுமார் 12 பேர்.

கணக்கிடும் முறை

மாதவிடாய் தொடங்கும் நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வருக. ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கத்திற்கு முந்திய நாள் வரை ஒரு சுழற்சி. ஆறு சுழற்சிகளாவது குறித்தபின், மிகக் குறுகியதிலிருந்து 18-ஐயும் மிக நீண்டதிலிருந்து 11-ஐயும் கழிக்க வேண்டும். ஒருத்திக்குக் குறுகியது 26, நீண்டது 31 எனக் கொள்வோம். 8ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை அவள் கருத்தரிக்கக்கூடும்.

உடலும் அடையாளம் காட்டும். முட்டை வெளிப்படுவதற்கு முந்திய நாட்களில் பிறப்புறுப்பில் கசியும் நீர், பச்சை முட்டையின் வெண்கரு போல் தெளிந்து இழுபடும். முட்டை வெளிப்பட்டபின் உடல்வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும். அதை விடியலில் படுக்கை விட்டு எழுமுன் அளக்க வேண்டும். காய்ச்சலும் உறக்கக் குறைவும் இந்த அளவைக் கெடுக்கும்.

பிரசவித்துப் பாலூட்டும் தாயார் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். மாதவிடாய் திரும்புமுன்னரே முட்டை வெளிப்படக்கூடும். ஆதலால் அப்போது நாட்கணக்கை நம்பியிருத்தல் ஆகாது. சுழற்சி ஒழுங்கற்றவர்க்கும் இது உதவாது. பிரசவத்திற்குப்பின் 24 மாதங்களேனும் கழித்து அடுத்த கரு உண்டாவது நலம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. அதை உறுதியாக விரும்புவோர் மருத்துவரிடம் வேறு சாதனங்களைக் கேட்டறிதல் வேண்டும்.

கணவரின் பங்கு

மகவு வேண்டுவோர் அந்நாட்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் கூடுதல் போதும். ஓராண்டாகியும் பலன் இல்லையெனில் மருத்துவரை நாடுக; மனைவிக்கு வயது 35 கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே செல்க. செல்லும்போது இருவருமே செல்ல வேண்டும். மகப்பேறின்மையில் ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடத்து ஆணின் குறையும் பங்கு கொள்கிறது. விந்துப் பரிசோதனையோ எளியது. செஞ்சி அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன.

மகவு வேண்டாத காலத்திலும் கணவரின் கட்டுப்பாடு இன்றேல் மனைவியின் கணக்கு வெறுங்காகிதமே. தனியொருவர் எழுதி மற்றவர் மதியாத கணக்கு எந்தச் சங்கத்தில் செல்லும்?

அங்கத்தினர் சங்கங்கள் தத்தம் மாதர் கூட்டங்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து இதனை விளக்கச் செய்யலாம். ஆடவரும் வந்திருந்து கேட்கலாம். இவ்விஷயத்தில் நாணம் பாராட்டியதால் வந்த நஷ்டத்தை இதுகாறும் பெண்களே சுமந்து வந்தனர். இனி அதை இருவரும் பகிர்ந்து கொள்வதே கூட்டுறவு.